புது லேண்ட் திறக்கப் போகிறதா? ஓவியத்தை விட்டுச் சுவருக்குப் பின்னால் பாருங்கள்

தீம் பார்க் ஒன்றில் புது லேண்ட் (ஒரே கதை உலகத்தை மையமாக வைத்துக் கட்டும் தனிப் பகுதி) வரப்போகிறது என்று அறிவித்த அன்று நம் கைக்குக் கிடைப்பது ஓர் ஓவியம் மட்டும்தான். அந்தி வெளிச்சம், மழை நனைத்த கல் பாவிய தெரு, ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு, நடுவில் கைகோத்து நடக்கும் ஒரே ஒரு குடும்பம். அதைத் திரையில் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்ப்பதில் இருக்கும் சுகம் தீம் பார்க் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுகத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஓவியத்தை மட்டும் நம்பி வருடக்கணக்கில் காத்திருந்தால் திறப்பு நாளில் மனம் வாடித்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஓவியத்தில் இருக்கும் அந்த ஒற்றைக் குடும்பத்தைச் சுற்றிப் பல ஆயிரம் பேர் நிற்கப் போகிறார்கள் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும்.

எந்தப் புது லேண்டைப் பற்றியும் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். உள்ளே எத்தனை ரைடு? ஒவ்வொரு ரைடும் மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்கும்? ரைடில் இல்லாத நேரத்தில் ஜனங்கள் எங்கே நிற்பார்கள், எங்கே உட்காருவார்கள்? இந்த மூன்றுக்கும் அறிவிப்பு மேடையில் பதில் கிடைக்காது. கட்டுமானம் நடக்க நடக்க ஒவ்வொன்றாகக் கிடைக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் காத்திருக்கும் வருடங்கள் வெறும் காத்திருப்பாக இருக்காது.

தேதிக் கணக்கு

அறிவிப்பு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், மண் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். அவதார் படத்தின் உலகத்தை வைத்து டிஸ்னி கட்டிய பண்டோரா 2011 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஃப்ளோரிடாவில் வேலை தொடங்கியது 2014 ஜனவரியில். திறந்தது 2017 மே 27. ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ் அறிவிப்பு 2015 ஆகஸ்டில், வேலை தொடங்கியது 2016 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் திறப்பு 2019 மே 31, ஃப்ளோரிடாவில் அதே வருடம் ஆகஸ்ட் 29. அறிவிப்பிலிருந்து பார்த்தால் ஒன்று கிட்டத்தட்ட ஆறு வருடம், மற்றது நாலு வருடத்துக்கும் குறைவு. மண் வெட்டியதிலிருந்து பார்த்தால் இரண்டும் மூன்று வருடத்துச் சொச்சம்தான். ஷாங்காய் டிஸ்னிலேண்டின் ஸூடோபியாவும் ஏறக்குறைய இதே கணக்கு: 2019 டிசம்பரில் தொடங்கிய வேலை 2023 டிசம்பர் 20ல் திறப்பில் முடிந்தது.

தேதி தள்ளிப்போவதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒசாகாவின் யுனிவர்சல் பூங்காவில் சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் 2020 கோடையில் திறப்பதாக இருந்தது. பெருந்தொற்றால் 2021 பிப்ரவரி 4க்குப் போய், அங்கிருந்தும் தள்ளி, மார்ச் 18ல் திறந்தது. அதன் அடுத்த பகுதியான டாங்கி காங் கன்ட்ரி 2024 வசந்தகாலத்துக்குச் சொல்லப்பட்டு டிசம்பர் 11ல்தான் திறந்தது. டோக்கியோ டிஸ்னிசீயின் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் 2018ல் அறிவிக்கப்பட்டபோது சொன்ன வருடம் 2022. திறந்தது 2024 ஜூன் 6. ஹாங்காங்கின் வேர்ல்ட் ஆஃப் ஃப்ரோஸன் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 நவம்பர் 20 வரை, ஏழு வருடம் இழுத்தது. எனவே பூங்கா வெறும் வருடத்தை மட்டும் சொல்லும்போது விமான டிக்கெட் எடுப்பது பெரிய துணிச்சல். "கோடையில்" என்றாலும் பொறுத்திருங்கள். நாள், மாதம், வருடம் மூன்றும் சேர்த்து அறிவித்த பிறகு தேதி மாறுவது அபூர்வம். அந்த அறிவிப்பு பொதுவாகத் திறப்புக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வரும்.

சுவருக்குப் பின்னால்

அமெரிக்காவில் பெரிய கட்டுமானம் எதுவும் காகிதமில்லாமல் நகராது. ஃப்ளோரிடாவில் வேலை தொடங்கும் முன் "நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட்" என்றொரு ஆவணம் கவுண்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) பதிவாகும். இடம், ஒப்பந்ததாரர் பெயர், வேலையின் சுருக்கம், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரைடின் பெயர் இருக்காது, ஆனால் ஒப்பந்ததாரர் யார் என்பதே ஒரு தகவல். செயற்கைப் பாறை செய்கிற நிறுவனமா, மின்வேலைக்காரரா, காட்சி அரங்க அமைப்பாளரா என்று தெரிந்தால் கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அதில் இருக்கும் காலாவதித் தேதி திறப்புத் தேதி அல்ல. தேதி எதுவும் எழுதாவிட்டால் ஒரு வருடம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதைத் திறப்புத் தேதியாக நினைத்துக் கிளம்பும் வதந்திகள் ஏராளம். மழைநீர் வடிகாலுக்கான அனுமதி வரைபடங்கள் இன்னும் உபயோகமானவை. நிலத்தின் எந்தப் பாகத்தில் கட்டடம், எங்கே நடைபாதை, எங்கே குளம் என்று கோடு போட்டே காட்டிவிடும். பெரிய செவ்வகம் இருந்தால் அது ரைடுக் கட்டடம். அந்தச் செவ்வகங்களை எண்ணினாலே முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மண் வேலை நடக்கும் மாதங்களில் பார்க்க எதுவும் இருக்காது. பொறுமை வேண்டும். பிறகு இரும்புத் தூண்கள் எழும்பும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அலங்காரமே இல்லாத பெட்டி மாதிரியான உயரக் கட்டடம் தனியாகவும், வளைந்து நெளிந்த இரும்புக் கூடு அதன் முன்னாலும் எழும்பும். பெட்டிதான் ரைடு ஓடுகிற இடம். முன்னால் இருக்கும் கூடு நாம் பார்க்கப் போகும் மலையோ கோட்டையோ. லேண்டுக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்தப் பெட்டி எந்தக் கோணத்திலிருந்தும் தெரியக்கூடாது. இந்த மறைப்பு வேலை எவ்வளவு தூரம் சுற்றி வருகிறது என்பதை வைத்தே எவ்வளவு பணம் செலவழிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பட்ஜெட் குறைந்தால் முதலில் குறைவது இந்தப் பின்பக்க மறைப்புதான். பாறை பாதியில் நின்று, அதற்குமேல் சுவருக்கு வானத்தின் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தால் நமக்கு விஷயம் புரிந்துவிட வேண்டும்.

பாறை வேலை எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முதலில் சிற்பிகள் மலையைச் சின்ன மாதிரியாகச் செதுக்குவார்கள். அதை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, கணினியில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வளைவுக்கும் ஏற்ப இரும்புக் கம்பிகளை இயந்திரம் வளைத்துக் கொடுக்கும். எண் போட்ட கம்பிச் சட்டங்கள் லாரியில் வந்து இறங்கி, தூண்களில் ஒவ்வொன்றாகப் பொருத்தப்படும். அதன்மேல் வலை. வலைமேல் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சும் கான்கிரீட். முதல் பூச்சு பலத்துக்கு, இரண்டாவது பூச்சு செதுக்குவதற்கு. இரண்டாவது பூச்சு இறுகுவதற்குள், சில மணி நேர அவகாசத்தில், கரண்டியும் தூரிகையும் வைத்துப் பிளவு, அடுக்கு, நீர் அரித்த தடம் எல்லாவற்றையும் கையால் செதுக்கியாக வேண்டும். இறுகிய பிறகு திருத்த வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்ததும் நிறம்: ஒரே பூச்சாக அடிப்பதில்லை. அடர்நிறத்தை நீர்க்கக் கரைத்து மேலிருந்து வழிய விட்டு, பள்ளங்களில் தங்கவைத்து, மேடுகளைத் துடைத்து, பிறகு வெளிர்நிறத்தைத் தொட்டுத் தொட்டு ஏற்றுவார்கள். கலிஃபோர்னியாவின் கார்ஸ் லேண்டில் இருக்கும் மலைத்தொடரின் மிக உயரமான சிகரம் 125 அடி. கீழே பெரிய பெரிய பிளவுகளும் மேலே போகப் போகச் சிறிய பிளவுகளுமாகச் செதுக்கியிருப்பதால் கண்ணுக்கு அது இன்னும் உயரமாகத் தெரியும். அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தூரத்தைக் காட்டும் இந்த உத்தியை அடுத்த முறை போகும்போது ஒரு கோட்டையின் அருகில் நின்று பாருங்கள், மேலேயிருக்கும் ஜன்னல்கள் ஆளுயரத்துக்கே வராது.

பாறைக்கு நிறமடித்து முடித்துச் சாரம் பிரிக்கும் நாள் முக்கியமான நாள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரை ஆகலாம். வெளிப்புறம் முடிந்துவிட்டதைப் பார்த்து "அடுத்த மாதம் திறந்துவிடுவார்கள்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நேரத்தைத் தின்பது உள்ளே இருக்கும் ரைடுதான்.

சோதனை ஓட்டம்

ரைடின் பெரிய பாகங்கள் கூரை மூடுவதற்கு முன்பே கிரேனில் இறங்கிவிடும். தண்டவாளம் இல்லாத வண்டிகள் ஓடும் டார்க் ரைடு (கட்டடத்துக்குள் இருட்டில் காட்சிகளைக் கடந்து போகும் ரைடு) என்றால் தரை மட்டம் துல்லியமாக இருக்க வேண்டும். சிறு மேடுபள்ளம்கூட வண்டியின் நிலைக்கணிப்பைக் குழப்பும். கோஸ்டர் என்றால் முதலில் வெறும் ரயிலை ஓட்டுவார்கள், பிறகு மனித உடல் வடிவப் பிளாஸ்டிக் பொம்மைகளில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு இருக்கையிலும் கட்டி ஓட்டுவார்கள். பாதி இருக்கை நிரம்பிய ரயில், முழுக்க நிரம்பிய ரயில், ஒரு பக்கம் மட்டும் கனமான ரயில், மழையில் நனைந்த தண்டவாளம், அதிகாலைக் குளிரில் இறுகிய சக்கரம் என்று எல்லா நிலையிலும் வேகத்தை அளப்பார்கள். அந்தப் பொம்மைகளோடு ரயில் ஓடும் படம் வந்துவிட்டால் நம்பிக்கையோடு காலண்டரைப் பார்க்கலாம்.

கோஸ்டர் பாதை பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்கு மட்டுமே இடம். முன்னால் இருக்கும் பிளாக் காலியாகவில்லை என்றால் பின்னால் வரும் ரயில் பிரேக்கில் நின்றுவிடும். ஏழு பிளாக் இருந்தால் அதிகபட்சம் ஆறு ரயில்தான் ஓட்ட முடியும். இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஏதாவது ஒரு சென்சார் ரயில் கடந்ததைச் சரியாகப் பதிவு செய்யாவிட்டாலும் கணினி மொத்த ரைடையும் நிறுத்திவிடும். ஆபத்து எதுவும் இருக்காது. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதற்குப் போட்டிருக்கும் விதி. புது ரைடில் இந்தச் சந்தேகங்கள் ஒரு நாளைக்குப் பல முறை வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்து, சென்சாரின் இடத்தை மாற்றி, நேர இடைவெளியைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் திறப்புக்கு முந்தைய மாதங்களின் வேலை.

2019 ஜூன் 13ல் ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் திறந்த ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ரிட் மோட்டார்பைக் கோஸ்டரை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஏழு இடங்களில் ரயிலை மின்காந்த விசையால் உந்தித் தள்ளும் அமைப்பு, நடுவில் 17 அடி அப்படியே செங்குத்தாக இறங்கும் தண்டவாளம், பாதையின் பெரும்பகுதி திறந்த வெளியில். திறப்பு நாளில் காத்திருப்பு 10 மணி நேரத்தைத் தொட்டது. ஃப்ளோரிடாவின் ஜூன் மாத இடிமழையில் வெளிப்புற ரைடுகள் அடிக்கடி நிற்கும், அதோடு புது ரைடின் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. முதல் வாரங்களில் அதைப் பகலில் தாமதமாகத்தான் திறந்தார்கள்; காலை நேரத்தைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இன்றும் அந்தப் பூங்காவிலேயே அதுதான் மிகச் சிறந்த கோஸ்டர் என்பது என் கருத்து. ஆனால் முதல் வாரத்தில் ஒரே ஒரு நாளுக்கு டிக்கெட் வாங்கி வெளியூரிலிருந்து வந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அசையும் பொம்மைகள் இன்னொரு தலைவலி. பெரிய உருவம் ஒன்று பழுதானால் அதற்காக ரைடை மூடமாட்டார்கள். அதற்கு "பி மோடு" என்று ஒரு மாற்று ஏற்பாடு இருக்கும்: உருவத்தை இருட்டில் விட்டு ஒளியாலோ திரையாலோ சமாளிப்பது. 2006ல் திறந்த டிஸ்னியின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரைடின் பிரம்மாண்டமான யெட்டி (பனிமனிதன்) உருவம் திறந்த சில வருடங்களுக்குள் அசைவதை நிறுத்தியது. அன்றிலிருந்து அதன்மேல் விட்டு விட்டு ஒளிரும் விளக்கை அடித்துத்தான் அசைவதுபோலக் காட்டி வந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே போவதற்கு நியாயம் இருக்கிறது. எல்லா உருவங்களும் முழு அசைவோடு இருக்கும் காலம் பெரும்பாலும் முதல் வருடம்தான்.

மணிக்கு எத்தனை பேர்

இனி இரண்டாவது கேள்வி. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் திறப்பு நாள் வரிசையை யாரும் சொல்லாமலே நீங்கள் ஊகித்துவிடலாம்.

24 இருக்கை உள்ள ரயில், 60 விநாடிக்கு ஒன்று என்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். அந்த 60 விநாடிக்குள் நடக்க வேண்டியதைப் பாருங்கள்: வந்த ரயில் நிற்கும், பிடிப்புகள் திறக்கும், பழைய ஆட்கள் இறங்குவார்கள், புது ஆட்கள் ஏறுவார்கள், தொப்பியும் கண்ணாடியும் பைக்குள் போகும், பிடிப்புகள் இறங்கும், ஊழியர்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள், பொத்தான் அழுத்தப்படும். பழகிய அணிக்கு இது கைவந்த கலை. புது லேண்டில் அணியும் புதிது, ஏறுகிறவர்களும் புதிது. இந்த இருக்கையில் காலை எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். இடைவெளி 75 விநாடியாக நழுவினால் மணிக்கு 1,152 பேர்தான். 12 மணி நேர நாளில் 3,456 பேருக்கு இடம் போய்விட்டது, ரைடு ஒரு தடவைகூடப் பழுதாகாமலேயே.

உங்களுக்கு முன்னால் 800 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 1,440 வீதம் போனால் 33 நிமிடம். 1,152 என்றால் 42 நிமிடம். இத்தோடு முடிந்தால் யாரும் புலம்பமாட்டார்கள். பணம் கட்டி வாங்கும் முன்னுரிமை வரிசை ஒன்று இருந்து, அதற்கு 70 சதவீத இருக்கையை ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு மணிக்கு 345 பேர்தான். அதே 800 பேருக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு இப்போது 2 மணி 19 நிமிடம். வரிசையின் நீளம் மாறவே இல்லை. எனவே புது லேண்ட் ஒன்றில் முன்னுரிமை வரிசை முதல் நாளிலிருந்தே உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, லேண்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று கேட்பதைவிட முக்கியம். தனியாக ஏறுகிறவர்களுக்கான வரிசையையும் முதல் மாதங்களில் பல பூங்காக்கள் திறப்பதில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி நடைபாதையைப் பற்றியது. ஒரே ஒரு பெரிய ரைடு இருக்கும் லேண்டில் அது நின்றுபோனால் வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஹாலிவுட்டில் 2023 பிப்ரவரி 17ல் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டில் பெரிய ரைடு ஒன்றுதான். இடமும் ஒசாகாவை விடச் சிறியது. ஒசாகாவில் டாங்கி காங் பகுதி சேர்ந்த பிறகு லேண்டின் பரப்பு ஏறக்குறைய 1.7 மடங்கானது. அங்கேகூடக் கூட்ட நாட்களில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. லேண்டுக்குள் இரண்டு மூன்று நடுத்தர ரைடுகள், ஒரு மேடை நிகழ்ச்சி, நிறைய உட்காரும் இடம் என்று இருந்தால் கூட்டம் பிரிந்து நிற்கும். என்னைக் கேட்டால் ஒரு மாபெரும் ரைடை விட ஒரு பெரியதும் இரண்டு நடுத்தரமும் உள்ள லேண்ட்தான் மேல்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. திறப்பு நாளில் நிற்கும் மரங்கள் நர்சரியில் வளர்த்துக் கொண்டுவந்து நட்டவை. வேர் பிடித்துக் கிளை விரிக்க வருடங்கள் ஆகும். ஓவியத்தில் தெருவை மூடி நிற்கும் ஆலமரத்தை எதிர்பார்த்துப் போனால் தோளுயரக் கன்றுதான் நிற்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது போவது

திறப்புத் தேதிக்கு முன்பே உள்ளே போக வழி உண்டு. ஊழியர்கள், ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள், அந்தப் பூங்காவின் ஹோட்டலில் தங்குகிறவர்கள் என்று வரிசையாக முன்னோட்ட நாட்கள் வைப்பார்கள். ஆண்டுச் சீட்டுக்காரர்களுக்கான பதிவு மின்னஞ்சலில் வரும், சில நேரம் அன்றே முடிந்துவிடும். ஸ்பாம் பெட்டியையும் பார்த்து வையுங்கள். இதைத் தவிர, எந்த அறிவிப்பும் இல்லாமல் கதவைத் திறந்து வைக்கும் சாஃப்ட் ஓப்பனிங் உண்டு. பாதையில் போகிறவர்களை உள்ளே விட்டு, எந்த நிமிடத்திலும் மூடிவிடுவார்கள். அதற்கு உத்தரவாதமும் கிடையாது, நஷ்ட ஈடும் கிடையாது. அறிவித்த தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் ஏற்கெனவே அந்தப் பூங்காவில் இருந்தால் பகல் வேளையில் இரண்டொரு முறை அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். அதற்காகவே பயணம் வைக்காதீர்கள்.

மெய்நிகர் வரிசை (நிற்காமல் செயலியில் இடம் பிடிக்கும் ஏற்பாடு) இருந்தால் முந்தின இரவே தயாராகுங்கள். செயலியில் குடும்பத்தார் எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே கணக்கில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; ஒருவருடையது விட்டுப்போனால் அவருக்கு இடம் கிடைக்காது. பூங்காவின் இலவச வைஃபையில் நெரிசல் இருக்கும், மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். யார் யார் சேர்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முடிந்தால் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, சரியான விநாடியில் திரையைப் புதுப்பித்துப் பொத்தானை அழுத்துங்கள். 2019 டிசம்பர் 5ல் ஃப்ளோரிடாவில் கேலக்ஸிஸ் எட்ஜின் பெரிய ரைடான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் திறந்த பிறகு பல மாதங்கள் அந்தந்த நாளுக்கான ஏறும் குழுக்களில் இடம் நிமிடங்களில் தீர்ந்துபோனது. உள்ளே நுழைந்த பிறகே பதிய முடியுமா, வெளியிலிருந்தே முடியுமா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் திறந்தபோது லேண்டுக்குள் போக ஸ்டாண்ட்பை பாஸ் என்ற இலவசச் சீட்டு வேண்டும், அதை எடுக்கப் பூங்காவின் வாயிலைக் கடந்தாக வேண்டும். அது இல்லையென்றால் காசு கட்டி பிரீமியர் அக்சஸ் வாங்க வேண்டும். அதனால் காலை வாயில் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதே அன்றைய நாளைத் தீர்மானித்தது. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இப்போது லேண்டுக்குள் யாரும் நடந்து போகலாம்.

திறந்த உடனே கூட்டம் அலைமோதும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை. கலிஃபோர்னியாவின் கேலக்ஸிஸ் எட்ஜ் முதல் மூன்று வாரம், ஜூன் 23 வரை, முன்பதிவு இருந்தால்தான் உள்ளே போகலாம், அதுவும் 4 மணி நேரத்துக்கு என்று திறந்தது. கூட்டத்துக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கினார்கள், பல ஆண்டுச் சீட்டுகளுக்கு அந்த நாட்களில் அனுமதியும் இல்லை. பெரிய ரைடு இன்னும் திறக்கவில்லை என்பதால் காத்திருந்தவர்களும் உண்டு. அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களின் வருகை 3 சதவீதம் குறைந்தது. பெரிய ரைடு அங்கே வந்தது 2020 ஜனவரி 17ல். லேண்ட் இரண்டு கட்டமாகத் திறந்தால் முதல் கட்டத்தில் போய் தெருவை நிதானமாகப் பார்க்கலாம், இரண்டாம் கட்டத்துக்குத் தனியாகத் திட்டம் போடலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டியவர்கள் பெரிய ரைடு ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து, பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தில், செவ்வாய் அல்லது புதன் கிழமை போங்கள். அணி பழகியிருக்கும், சென்சார்கள் அடங்கியிருக்கும், மழைக்கால இடியும் முடிந்திருக்கும்படி மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிக்கத் திட்டமிட்டால் புது லேண்டின் பெரிய ரைடைக் காலை முதல் வேலையாகவோ, மூடும் நேரத்துக்குச் சற்று முன்போ வையுங்கள். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களை வழக்கமாக ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆனால் முதல் மாதங்களில் ரைடு கடைசி நேரத்தில் நின்றுபோனால் அன்று மறுபடி ஓடாமலே போகலாம், அதனால் ஒரே ஒரு நாள் மட்டும் உள்ளவர்களுக்குக் காலைதான் பாதுகாப்பு. உயர வரம்பை வீட்டிலேயே அளந்து பார்த்துவிடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. வரிசையின் வாசலில் சோதனை இருக்கை போட்டிருந்தால் கூச்சப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். பண்டோராவின் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போலக் கால்களையும் முதுகையும் சேர்த்துப் பிடிக்கும் இருக்கை எல்லா உடல்வாகுக்கும் பொருந்தாது. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அதைத் தெரிந்துகொள்வது மிகவும் வேதனையானது.

அடுத்து வருவது

ஃப்ளோரிடாவின் அனிமல் கிங்டமில் டைனோலேண்ட் இருந்த இடத்தில் டிராப்பிகல் அமெரிக்காஸ் என்ற லேண்ட் 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. என்காண்டோ, இண்டியானா ஜோன்ஸ் படங்களை வைத்து ஆளுக்கொரு ரைடு, விலங்கு உருவங்களோடு ஒரு கேரோசல் ராட்டினம். என் மூன்று கேள்விகளுக்கும் இதில் ஓரளவு நல்ல பதில் தெரிகிறது. இண்டியானா ஜோன்ஸ் வரப்போவது 1998ல் திறந்த டைனோசர் ரைடின் கட்டடத்தில். அந்த ரைடே 1995ல் கலிஃபோர்னியாவில் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடின் அதே வகை வண்டியிலும் பாதை அமைப்பிலும் கட்டப்பட்டது. வண்டிக்கு 12 பேர்; 20 விநாடிக்கு ஒரு வண்டி என்று வைத்தால் மணிக்கு 2,160. முப்பது வருடம் ஓட்டிப் பழகிய அமைப்பு என்பதால் ஓட்டத்தில் வரும் கோளாறுகள் என்காண்டோவில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். புதிதாகச் செய்யும் உருவங்களும் காட்சிகளும்தான் அங்கே சோதனைக்கு உள்ளாகும். கேரோசல் கூட்டத்தைப் பிரித்து வைக்க உதவும். நான் பார்த்துக்கொண்டிருப்பது என்காண்டோவின் ரைடுக் கட்டடத்தை: எத்தனை பெரிய பெட்டி, வரிசைக்கு உள்ளே எவ்வளவு இடம், வெளியே வெயிலில் எவ்வளவு.

மேஜிக் கிங்டமில் 2025 ஜூலையில் ஆற்றை மூடி அந்த இடத்தில் கார்ஸ் படங்களை வைத்து ஒரு புதுப் பகுதியைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறும் நீராவிக் கப்பலும் போனது எனக்கு வருத்தம்தான், அதற்கு ஈடாக அங்கே நிழலும் தண்ணீரும் எவ்வளவு மிஞ்சும் என்று வரைபடங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதையும் தாண்டி வில்லன்களுக்கென்று ஒரு லேண்ட் திட்டத்தில் இருக்கிறது. அங்கே முதல் தூண் எழும்பட்டும். பெட்டி எத்தனை, கூடு எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று அப்போது எண்ணத் தொடங்கலாம்.